பதிப்புரிமையா, காப்புரிமையா?

புதுச்சேரியில் துணிப்பையில் படம் அச்சிட்டு விற்பவர்கள், சுடுமண் நகை செய்பவர்கள் பலரும் காப்பிரைட்டைக் 'காப்புரிமை' என்றே சொல்கிறார்கள். ஓசை ஒத்துப்போவதால் வந்த பழக்கம். ஆனால் காப்புரிமை என்பது பேட்டன்டுக்கு வழங்கும் சொல். காப்பிரைட்டுக்குத் தமிழ் பதிப்புரிமை.

இந்தக் குழப்பம் பேச்சோடு நிற்பதில்லை. பேட்டன்ட் புதுக் கண்டுபிடிப்புக்கு உரியது; விண்ணப்பித்து வாங்க வேண்டும், 20 ஆண்டு செல்லும். பதிப்புரிமையோ படத்தை வரைந்ததுமே வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. இது தெரியாததால்தான், "இந்தப் படத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கலையே, எடுத்தா என்ன?" என்று கேட்கிறார்கள்.

காப்பிரைட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் பாதி லத்தீன் 'கோப்பியா'விலிருந்து வந்தது. வளம், மிகுதி என்பது அதன் பழைய பொருள். படியெடுத்தல் என்பது பின்னால் சேர்ந்தது. புதுச்சேரிக்குப் பழக்கமான பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'த்ருவா தோத்தர்', அதாவது ஆக்கியோன் உரிமை. படியைவிட ஆளை முன்னால் வைக்கும் அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் சொல் 'பதி' என்ற வினையில் பிறந்தது, அச்சுப் புத்தகத்தை மனத்தில் வைத்து. ஓவியம், இசை, சிற்பம் எல்லாம் இதில் அடங்குவதால் 'படைப்புரிமை' இன்னும் பொருந்தும் என்பேன். ஆனாலும் பதிப்புரிமை வேரூன்றிவிட்டது; அதையே எழுதுவோம்.

சரி, கையில் காசு குறைவு, படத்துக்கு விலை கொடுக்க முடியாது. என்ன செய்வது? 'நன்றி: இணையம்' என்று போட்டால் அனுமதி ஆகிவிடாது. ஆனால் செலவில்லாத நேர்வழி நிறையவே இருக்கிறது. படைத்தவர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் படைப்பு எல்லாருக்கும் பொது. ஓவியர் ரவி வர்மா மறைந்தது 1906இல்; அவர் படங்களை எடுக்கலாம். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. அவர் வரிகளைப் பையில் தாராளமாக அச்சிடலாம். இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த பாரதி முகத்தை மட்டும் கேட்காமல் எடுக்கக் கூடாது, அது அந்த ஓவியருடையது. பாரதி பூங்காவில் உட்கார்ந்து ஆயி மண்டபத்தை நீங்களே வரையலாம். கட்டடத்தையும் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் வரைந்து வெளியிடுவது மீறலாகாது என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. படைத்தவரே சில நிபந்தனைகளோடு முன்கூட்டி அனுமதி தந்துவிட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களும் உண்டு. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் விற்கும் பொருளில் போட முடியாது.

அப்புறம், உங்கள் சொந்த வடிவம். டிசைனாக, அதாவது பொருளின் தோற்ற வடிவமாக, பதியத்தக்க ஒன்றைப் பதியாமலே தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு தோடு வடிவம் நன்றாக விற்கும் என்று தோன்றினால், டிசைன் சட்டத்தில் பதிவதை விற்பனைக்கு வைக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.