பூட் வேறு, ஸ்டார்ட்அப் வேறு

கணினியை இயக்கியதும், நாம் கேட்காத ஒரு சாளரம் திரையின் நடுவில் வந்து நிற்கிறது. பிழைச் செய்தியாக இருக்கலாம், கண்சிமிட்டும் நேரத்தில் மறையும் கறுப்புப் பெட்டியாக இருக்கலாம், என்றோ நிறுவிய மென்பொருளின் விளம்பரமாக இருக்கலாம். மூடினால் போய்விடுகிறது, மறுநாள் மீண்டும் வருகிறது. இதற்கு உதவி கேட்பவர்கள் "கணினி தொடங்கும்போது வருகிறது" என்று எழுதுவார்கள். எந்தத் தொடக்கம் என்று கேட்டுப் பார்த்தால் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். ஆங்கிலத்தில் பூட், ஸ்டார்ட்அப் என்று இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையும் 'தொடக்கம்' என்ற ஒன்றிலேயே போட்டுவைத்திருக்கிறோம்.

'பூட்' என்பது 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம். உயரமான தோல் காலணியைக் காலில் இழுத்து ஏற்றுவதற்காக அதன் மேல்விளிம்பில் தைத்திருக்கும் வாருக்குத்தான் அந்தப் பெயர். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்ற பேச்சு, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நடக்கவே முடியாத செயலைக் குறித்தது. தன் தோளில் தானே ஏறி நிற்பது போன்ற செயல். (புளுகுக் கதைகளின் நாயகனான முன்சௌசன் பிரபு, சதுப்பில் சிக்கியபோது வாரைப் பிடித்து வெளியேறிய கதையே இதன் மூலம் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கதையில் அவர் பிடித்து இழுப்பது தன் தலைமுடியை.)

கணினியாளர்கள் 1950களில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொன்றை யார் ஏற்றுவது? 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701 கணினியில் இதற்கென்றே 'லோட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ மிகச் சிறிய ஒரு துண்டு மட்டும் நினைவகத்துக்கு வரும். அந்தத் துண்டில் உள்ள ஆணைகள் அடுத்த துண்டை இழுத்துவரும், அது அதற்கடுத்ததை. இன்றைய கணினியிலும் வழி இதுவே. மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையின் சில்லில் உள்ள சிறு நிரல் விழிக்கிறது. அது வட்டிலிருந்து 'ஏற்றி' என்ற இன்னொரு நிரலை அழைக்கிறது. ஏற்றி இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவை அழைக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது சாளரம் என்ற பொருளே திரையில் கிடையாது. பூட் கட்டத்தில் கோளாறு என்றால் நீலத்திரையோ கறுப்புத்திரையில் வெள்ளெழுத்தோதான் வரும்.

'ஸ்டார்ட்அப்' இன்னும் பழைய சொல். 'ஸ்டார்ட்' என்ற வினைக்கு முதலில் துள்ளி எழுதல் என்றுதான் பொருள். 16ஆம் நூற்றாண்டில் 'ஸ்டார்ட்அப்' என்றால் திடீரென்று மேலே வந்துவிட்ட புதுப் பெரிய மனிதர். அதே காலத்தில் நாட்டுப்புற உழவர்கள் அணிந்த ஒருவகை உயரக் காலணிக்கும் அதே பெயர் இருந்தது. இரண்டு கணினிச் சொற்களும் ஒரு காலத்தில் காலில் கிடந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கணினியில் ஸ்டார்ட்அப் என்பது பெரும்பாலும் பூட்டுக்குப் பின் வரும் கட்டத்தைக் குறிக்கிறது: பயனர் உள்நுழைந்ததும் தாமாக ஓடும் நிரல்களின் கட்டம். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இந்தப் பெயரிலேயே ஒரு நிரல்குழு இருந்தது. அதில் போட்டவை தாமே திறந்துகொண்டன. விண்டோஸ் 95 முதல், அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவகமும் (ரெஜிஸ்ட்ரி) இந்த வேலையில் சேர்ந்துகொண்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். பூட் என்பதற்கு ஒலியும் பொருளும் சேர்ந்த ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: பூட்டுதல். வண்டி பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம். புறப்பாட்டுக்கு முன் நடக்கும் ஆயத்தம் அது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பூட்டு என்றால் தாழ் போடுவதும்தான், 'திரையைப் பூட்டு' என்ற ஆணை ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. எதிரெதிரான இரு செயல்களுக்கு ஒரே சொல் ஆகாது. 'எழுப்புதல்' நல்ல சொல். ஆனால் கணினிக்கு உறக்கநிலை என்று தனியாக ஒன்று உண்டு, அதிலிருந்து மீட்பதற்கே எழுப்புதல் வேண்டும். 'இயக்கத் தொடக்கம்' பிழையற்றது, ஆனால் வினையாக்கினால் நீண்டுவிடுகிறது. என் தேர்வு 'கிளப்புதல்'. வண்டிக்கும் இயந்திரத்துக்கும் நாம் சொல்லிப் பழகியது. கணினி கிளம்புகிறது, நாம் கணினியைக் கிளப்புகிறோம் என்று தன்வினையும் பிறவினையும் இயல்பாக அமைகின்றன.

ஸ்டார்ட்அப் கட்டத்துக்குத் 'தொடக்கம்' என்பதையே விட்டுவிடலாம். தொழில்முனைவோர் நடத்தும் ஸ்டார்ட்அப்புக்குத் தமிழ்நாட்டு அரசே 'புத்தொழில்' என்ற அழகான சொல்லை வழங்கிவருவதால் குழப்பம் வராது. தாமாக ஓடும் நிரல்களை 'உடன்தொடங்கி' என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. உடன்பிறப்பில் உள்ள அதே 'உடன்'. நாம் நுழையும்போதே கூடவே தொடங்குபவை என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பிரிவினை நடைமுறையில் உதவுவதைப் பாருங்கள். வேண்டாத சாளரம் வந்தால் கணினியை நிறுத்தாமல் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இப்போதும் வந்தால் கிளப்புதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது உடன்தொடங்கி. அடுத்து வேறொரு பயனர் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே வராவிட்டால் உங்கள் கணக்கின் உடன்தொடங்கிப் பட்டியலில் இருக்கிறது. அங்கும் வந்தால் கணினி முழுமைக்குமான பட்டியலில் இருக்கிறது. கிளப்பித்தான் பார்க்க வேண்டும் என்றால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) என்ற வசதி இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளக் கருவின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே மீட்கப்படுகிறது. நிறுத்தி இயக்கியும் பயனில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அடிக்கடி காணும் சாளரம் 'ரன்டிஎல்எல்' என்ற தலைப்போடு வருவது. குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். வைரஸ் வந்துவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் நடந்தது தலைகீழ்: மென்பொருளை நீக்கியபோதோ, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் கோப்பை அழித்தபோதோ, கோப்பு போய்விட்டது, பட்டியலில் அதன் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு நுழைவிலும் விண்டோஸ் பட்டியலைப் படித்து, அந்தக் கோப்பைத் தேடி, கிடைக்காமல் நம்மிடம் முறையிடுகிறது. அந்தக் கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்ளாமல் சாளரத்தை மூடாதீர்கள். நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் உடன்தொடங்கிகள் தெரியும். வேண்டாததை 'டிசேபிள்' செய்யலாம். அங்கே இல்லாவிட்டால், குறித்த வேளையில் பணிகளைத் தாமாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, உள்நுழைவின்போது ஓடும்படி குறித்துள்ள பணிகளைப் பாருங்கள். தோன்றி மறையும் கறுப்புப் பெட்டிகள் பல அங்கிருந்துதான் வருகின்றன. இரண்டிலும் அகப்படாவிட்டால் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியே என் நம்பிக்கை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய தொகுப்பு அது. 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. தாமாக ஓடுவதற்கு விண்டோஸில் உள்ள இடங்களையெல்லாம் ஒரே திரையில் காட்டும். கோப்பு தொலைந்த பதிவுகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். குறித்துவைத்த பெயரை அங்கே தேடினால் குற்றவாளி அகப்படும். உடனே அழிக்க வேண்டாம். முன்னுள்ள குறியை மட்டும் எடுத்துவிட்டு, சில நாள் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தபின் அழியுங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத சாளரமும் உண்டு. கணினியை நிறுத்தியபோது திறந்திருந்த செயலிகளைச் சேமித்துவைத்து, அடுத்த நுழைவில் மீண்டும் திறக்கும் வசதி விண்டோஸ் 10இலும் 11இலும் இருக்கிறது. இது உடன்தொடங்கி ஆகாது, 'மீள்திறப்பு' என்று தனிப்பெயர் கொடுக்கலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குள் சைன்-இன் தெரிவுகளில் இதற்கான ஆளி இருக்கிறது. கோப்புறைச் சாளரங்கள் மட்டும் திரும்பத் திரும்பத் திறந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் தெரிவுகளில் 'வியூ' பட்டியலைப் பாருங்கள். முந்தைய சாளரங்களை நுழைவின்போது மீட்கச் சொல்லும் குறி அங்கே போடப்பட்டிருக்கும்.