பீன்ஸ் விதைகளின் உறவுமுறையை டி.என்.ஏ. எப்படிக் காட்டுகிறது?

கொலம்பியாவில் பால்மிரா நகருக்கு அருகே உள்ள பன்னாட்டு விதை வங்கியில், பீன்ஸும் அதன் உறவினங்களுமாக 37,000-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் குளிரூட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் உண்மையிலேயே வேறுபட்டவை எவை, ஒரே ரகம் இரு பெயர்களில் பதிவானவை எவை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. விதைத்தோலின் நிறத்தைச் சில மரபணுக்களே தீர்மானிப்பதால், நெருங்கிய உறவுள்ள இரு ரகங்கள் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கலாம். தொடர்பே இல்லாத இரண்டு ஒரே சிவப்பில் தோன்றலாம். நாம் பொரியல் செய்யும் பீன்ஸும், காய்ந்த பருப்பாக வாங்கும் ராஜ்மாவும்கூட ஒரே தாவர இனம்தான்.

எனவே ஆய்வாளர்கள் இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, இந்த இனத்தின் 11 இணைக் குரோமோசோம்களிலும் பரவிக் கிடக்கும் குறிப்பான்களை, அதாவது ரகத்துக்கு ரகம் மாறுபடும் அடையாள இடங்களைப் படிக்கிறார்கள். ஒரு வகைக் குறிப்பானில், டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளான A, T, G, C ஆகியவற்றில் இரண்டு அல்லது மூன்று கொண்ட சிறு தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அந்தப் பகுதியை மட்டும் பி.சி.ஆர். எனும் நகலெடுக்கும் முறையில் பெருக்கி, மின்புலத்தில் நகரவிட்டால், துண்டுகள் நீளவாரியாகப் பிரிந்து வேறுபாட்டைக் காட்டிவிடும். மற்றொரு வகை ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் இடங்களாகும். இவற்றைச் சிப் மூலம் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

ஒவ்வொரு குறிப்பானிலும் கிடைத்த மாறுபட்ட வடிவங்களைக் கொண்டு, குருட்டாம்போக்கில் எடுத்த இரு மாதிரிகள் ஓரிடத்தில் வேறுபடுவதற்கான வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். மரபுப் பன்மையின், அதாவது மரபணு வேறுபாட்டின் அளவுகோல் இதுவே. ஓரெழுத்துக் குறிப்பானில் பொதுவாக இரண்டே வடிவங்கள் இருப்பதால் இந்த எண் 0.5-ஐத் தாண்டாது, சம அளவில் பத்து வடிவங்கள் கொண்ட தொடர்க் குறிப்பானிலோ 0.9 வரை போகும். இதைக் கவனிக்காமல் இரு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவாகத் தெரிவது ஒரு பெரிய பிளவு. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் மக்கள் தனித்தனியே பீன்ஸைப் பயிராக்கினார்கள். முன்னதன் விதைகள் பெரும்பாலும் சிறியவை, பின்னதன் விதைகள் பருத்தவை. காட்டுப் பீன்ஸ் சிறு எண்ணிக்கையில் தெற்கே பரவியதால், பயிராகும் முன்பே ஆண்டிஸ் குழுவில் பன்மை சுருங்கிவிட்டது. இரு குழுக்களையும் கலப்பினம் செய்தால், சில இணைகளில் மரபணுக்கள் ஒத்துப்போகாமல் கன்றுகள் குறுகி நலிகின்றன. ஆகையால் பெற்றோர் எந்தக் குழு என்பதை முன்கூட்டியே அறிவது பயிர் வளர்ப்பாளருக்கு இன்றியமையாதது.

இன்னொரு சிக்கல், மாதிரி எடுப்பதில் இருக்கிறது. பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் ஒரு செடிக்குள் வேறுபாடு குறைவு. ஆனால் உழவர் கைமாறி வந்த நாட்டு ரகம் பல வம்சங்களின் கலவையாக இருக்கக்கூடும். அதிலிருந்து ஒரே ஒரு செடியைச் சோதித்தால் மற்றவை கணக்கில் வராமலே போய்விடும். மேலும், இக்குறிப்பான்கள் பெரும்பாலும் செடியின் குணத்தைத் தீர்மானிக்காத பகுதிகளில் அமைந்தவை. அவை உறவைச் சொல்லுமே தவிர வறட்சியைத் தாங்குமா என்று சொல்லா. அதற்கு, பன்மை முழுவதையும் ஓரளவு பிரதிபலிக்கும் சிறு தொகுப்பைக் குறிப்பான்களின் உதவியால் தேர்ந்தெடுத்து, வயலில் விதைத்துப் பார்க்கிறார்கள்.