பேட்ச் போட்டாயிற்று, ஓட்டை அடைபட்டதா?

2017 மார்ச் 7 அன்று, இணையச் செயலிகளைக் கட்டமைக்க உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருள் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பது அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்தமான பேட்சும் கூடவே வெளிவந்தது. அமெரிக்கர்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்கு மறுநாளே அரசின் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள், 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போட்டாக வேண்டும் என்று நிறுவனத்துக்குள் நானூறுக்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் பறந்தது. 15-ஆம் தேதி ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். ஓட்டை எங்கும் தென்படவில்லை. மே 13 அன்று அதே ஓட்டை வழியாகத் திருட்டு தொடங்கியது. ஜூலை கடைசி வரை அது யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் களவு போயின.

பேட்ச் போடுவதும் பாதுகாப்புக் குறைபாடுகளை நிர்வகிப்பதும் ஒரே வேலைதான் என்று நினைப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். பேட்ச் வேலை மென்பொருள் தயாரிப்பாளரிடமிருந்து தொடங்குகிறது. அவர் திருத்தம் வெளியிடுவார். அதை வாங்கி, சோதித்து, உரிய இயந்திரங்களில் ஏற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. குறைபாட்டு நிர்வாகம் தொடங்குவது நம்மிடமிருந்து. நம்மிடம் என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன, எதில் ஓட்டை இருக்கிறது, எதை முதலில் கவனிப்பது, யார் பொறுப்பு, அடைத்தது உண்மையிலேயே அடைபட்டதா என்ற கேள்விகள் அதனுடையவை. பேட்ச் அதற்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று.

ஸ்ட்ரட்ஸ் ஓட்டையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது விளங்கும். இணையதளத்தில் ஒரு கோப்பை ஏற்றும்போது, ‘நான் அனுப்புவது இன்ன வகை’ என்று பிரவுசர் சர்வருக்கு ஒரு வரி எழுதி அனுப்புகிறது. அந்த வரி தாறுமாறாக இருந்தால் ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச்செய்தியைத் தயாரிக்கும். அப்படித் தயாரிக்கும்போது, வந்த வரியையும் செய்திக்குள் சேர்த்து, அதில் ஏதேனும் கணக்கீடு எழுதப்பட்டிருந்தால் அதை நிறைவேற்றியும் விட்டது. ஆகவே தாக்குபவர் கடவுச்சொல் எதையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியில் தன் கட்டளையை எழுதி அனுப்பினால் போதும், சர்வரே அதைச் செய்து முடிக்கும்.

இப்படிப்பட்ட நூலகத்துக்குப் பேட்ச் போடுவது, போனில் அப்டேட் பொத்தானை அழுத்துவதைப் போன்றதல்ல. ஸ்ட்ரட்ஸ் தனி மென்பொருளாக நிற்பதில்லை. நிறுவனம் எழுதிய செயலிக்குள்ளேயே அது பொதிந்திருக்கும். நூலகத்தை மாற்றி, செயலியை மறுபடி கட்டமைத்து, சோதித்து, சர்வரில் ஏற்ற வேண்டும். அதற்கு முதலில், எந்தச் செயலிக்குள் ஸ்ட்ரட்ஸ் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஈக்விஃபேக்ஸில் அதுதான் தெரியவில்லை. கடன் அறிக்கையில் தவறு இருந்தால் மக்கள் முறையிடும் பழைய இணையதளம் ஒன்றில் அந்த நூலகம் உட்கார்ந்திருந்தது. பின்னர் நடந்த விசாரணைகளில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. மின்னஞ்சல் போன பெயர்ப் பட்டியல் பழையது. பேட்ச் போட வேண்டிய பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. ஸ்கேன் செய்த கருவியோ மேல் அடைவை (ஃபோல்டரை) மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஸ்ட்ரட்ஸ் இருந்தது அதற்குக் கீழே இருந்த துணை அடைவில்.

நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், பேட்ச் போடும்படி உரியவர்களுக்குச் சொல்லத் தவறிய ஒரு ஊழியரைக் காரணம் காட்டினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015-இலேயே அந்நிறுவனத்தின் உள் தணிக்கை, அடைக்கப்படாமல் கிடந்த 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியிருந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு ஒருவர் அனுப்பும் மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தால், குற்றம் அந்த ஒருவருடையது அல்ல. பேட்ச் போடச் சொன்னவர்கள், போட்டாகிவிட்டது என்று யாரேனும் பதில் தந்தார்களா என்று பார்த்திருக்க வேண்டும். பதில் வராத சர்வர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்திருந்தால், வெறுங்கையோடு திரும்பிய கருவியின் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

பேட்ச் வெளிவந்த பிறகு தாமதிப்பது ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். தயாரிப்பாளர் மூச்சுவிடாவிட்டாலும் பேட்சே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்காக வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடவும் முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்க வைத்தது. சோதிக்க அவகாசம் வேண்டும். ஆனால் ஓட்டைகளோ குவிகின்றன. 2024-இல் மட்டும் ஏறத்தாழ 40,000 புதிய ஓட்டைகளுக்கு சிவிஇ எனும் பொது அடையாள எண் தரப்பட்டது. எல்லாவற்றையும் உடனே அடைக்க எந்த நிறுவனத்திடமும் ஆள் இல்லை. எது முதலில் என்று சொல்ல வேண்டியது குறைபாட்டு நிர்வாகம்தான். தீவிரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் சிவிஎஸ்எஸ் முறை இதற்கு உதவும், ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதல்களில் உண்மையிலேயே பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளை மட்டும் 2021 நவம்பர் முதல் பட்டியலிட்டு வருகிறது. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வரில் அந்தப் பட்டியலில் உள்ள ஓட்டை இருந்தால், மதிப்பெண் ஏழாக இருந்தாலும் அதைத்தான் முதலில் எடுப்பேன். உள்ளறையில் தனித்து நிற்கும் இயந்திரத்தின் ஒன்பது சற்றுக் காத்திருக்கலாம்.

பட்டியல் தொடங்கிய அடுத்த மாதமே லாக்4ஜே என்ற நூலகத்தின் விவகாரம் வெடித்தது. பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்ற ஓட்டை அது. பேட்ச் விரைவிலேயே கிடைத்தது. முதல் பேட்ச் முழுமையாக இல்லாததால் அடுத்தடுத்து மேலும் வந்தன. ஆனால் உலகெங்கும் நிர்வாகிகளைத் தூங்கவிடாமல் செய்தது, அந்தச் சிறு ஜாவா நூலகம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி. வேறு நிறுவனங்களிடம் வாங்கிய மென்பொருள்களுக்குள், அவற்றின் நூலகங்களுக்குள் என்று அது பல அடுக்குகள் உள்ளே கிடந்தது.

பேட்ச் சரியாகப் போட்டும் வேலை முடியாத நேரங்களும் உண்டு. 2023 அக்டோபர் 10 அன்று சிட்ரிக்ஸ் நிறுவனம், வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழைய உதவும் தன் நெட்ஸ்கேலர் கருவிகளுக்கு ஒரு பேட்ச் வெளியிட்டது. அந்த ஓட்டை வழியாகக் கருவியின் நினைவகம் கசிந்தது. உள்நுழைந்தவர்களின் அடையாளமான செஷன் டோக்கன்கள் அதில் அகப்பட்டன. டோக்கன் கையில் இருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. பேட்ச் வருவதற்கு முன்பே, ஆகஸ்ட் இறுதியிலிருந்தே தாக்குதல் நடந்திருந்தது. பேட்ச் கசிவை நிறுத்தியது, ஏற்கெனவே திருடுபோன டோக்கன்களைச் செல்லாததாக்கவில்லை. அதற்கு நிர்வாகிகள் பேட்ச் போட்ட பிறகு எல்லா இணைப்புகளையும் துண்டித்து, அனைவரையும் மறுபடி உள்நுழைய வைக்க வேண்டியிருந்தது. இணைப்புகளை முதலில் துண்டித்துவிட்டுப் பேட்சைப் பிறகு போட்டால், இடைப்பட்ட நேரத்தில் புதிய டோக்கன்களும் கசியும். பேட்ச் போட்டதோடு நின்றுவிட்டவர்களின் கருவிகள் அறிக்கையில் பச்சையாக, அதாவது பாதுகாப்பானவையாகத்தான் தெரிந்திருக்கும். பழைய டோக்கன் வைத்திருந்தவருக்கு வழி திறந்தே இருந்தது.