மண் பரிசோதனையில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால்

பழைய பெட்ரோல் பங்க், மூடிய சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை இருந்த இடம். இப்படிப்பட்ட மனையை வாங்கப் போகிறவர்கள் இப்போது மண்ணையும் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அஸ்திவாரத்துக்கு சாயில் டெஸ்ட் எடுக்கும் அதே ரிக்கை வரவழைத்து, எடுத்த மண்ணை லேபுக்கு அனுப்பி, ‘ஒன்றும் இல்லை’ என்ற அறிக்கையோடு வருபவர்களும் உண்டு. லேப் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும். கோளாறு நடந்தது களத்தில்.

அஸ்திவார சோதனையில் தண்ணீரோ பெண்டோனைட் என்ற களிமண் குழம்போ விட்டுத் துளையிடுவார்கள். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிய அது போதும். பெட்ரோல் கசிவைத் தேடும்போது அந்தத் தண்ணீர், தேடி வந்ததையே கழுவிவிடும். போர்வெல் ரிக் இன்னும் மோசம். அதன் கம்ப்ரசர் காற்று, பெட்ரோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் பென்சீனை ஊதித் தள்ளுவதோடு, தன் எண்ணெயையும் துளைக்குள் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் விடாமல் இறங்கும் ஆகர் என்ற திருகுத் துளைக்கருவி, அல்லது குழாயை நேராக அழுத்தி இறக்கும் இயந்திரம்தான் இதற்குச் சரி. ஆழம் குறைவென்றால் கை ஆகரே போதும். ராடு மரையில் கிரீஸ் தடவ விடாதீர்கள். எண்ணெய்க் கசிவைத் தேடும் இடத்தில் அதுவே அறிக்கையில் வந்து நிற்கும்.

இயந்திரம் எதுவானாலும், முதல் ஒன்றரை மீட்டரைக் கையால்தான் தோண்ட வேண்டும். பங்க்கில் எரிபொருள் பைப்பும் மின் கேபிளும் வரைபடத்தில் காட்டிய இடத்திலேயே இருக்கும் என்று நம்பக் கூடாது.

மண் மேலே வந்ததும், ஆவியாகும் பொருட்களுக்கான மாதிரியை முதலில் எடுக்க வேண்டும். தட்டில் கொட்டிக் கிளறி, கல் பொறுக்கி, நிதானமாகப் பையில் போட்டால் பாதி பென்சீன் காற்றோடு போயிருக்கும். சிறு உறிஞ்சுகுழல் போன்ற கருவியால் சுமார் 5 கிராம் மண்ணை எடுத்து, மெத்தனால் உள்ள 40 மில்லி குப்பியில் உடனே போட்டு மூடி, 4 டிகிரி குளிரில் வைப்பது வழக்கம். 14 நாட்களுக்குள் லேப் அதைப் பார்த்துவிட வேண்டும். உலோகங்களுக்கான மண்ணை அப்புறம் பொறுமையாகக் கலந்துகொள்ளலாம். இன்னொன்று: மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். பென்சீன் புற்றுநோய் தரும். ஆவியை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது.

எதைத் தேடுகிறோமோ அதைப் பொறுத்துக் கருவியும் மாறும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் ஊரறிந்த சங்கதி. அங்கே கவலை ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற, குரோமியத்தின் நச்சு வடிவம் பற்றியது. அதற்கு மண் எடுக்கும்போது, பளபளவென்று சுத்தமாகத் தெரிகிறதே என்று எவர்சில்வர் கரண்டியை நீட்டுவார்கள். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது! பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி ஜாடி போதும்.

ஒரு துளையிலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் கருவிகளை சோப்பால் தேய்த்து, நல்ல தண்ணீரிலும் பிறகு டிஸ்டில்டு வாட்டரிலும் அலச வேண்டும். கையுறை ஒவ்வொரு மாதிரிக்கும் புதிது. கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு பாட்டிலை லேபுக்கு அனுப்பினால், கழுவியது உண்மையா என்று தெரிந்துவிடும். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது இந்த பாட்டில்தான். அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவதும் அதைத்தான். பிறகு, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற படிவம்.

துளையை மூடுவது பலருக்கும் நினைவிலேயே இருப்பதில்லை. மேல்மண் கெட்டிருந்து, கீழே களிமண் அடுக்கு நிலத்தடி நீரைக் காத்துக்கொண்டிருந்தால், நாம் போட்ட துளையே விஷம் இறங்க வழியாகிவிடும். சிமென்ட்டும் பெண்டோனைட்டும் கலந்த குழம்பை, குழாய் வழியாக அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். வெட்டிய மண்ணையே தள்ளி மிதித்துவிட்டு ரிக்கைக் கிளப்பப் பார்ப்பார்கள். குழம்பு மேல்மட்டம் வரை ஏறுவதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.