சான்சல்: கிராதிக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களைப் பற்றிப் படித்தால் ‘சான்சல்’ என்ற சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆலயத்தின் கிழக்குக் கோடியில் பலிபீடம் அமைந்த பகுதி அது. மக்கள் கூடும் பெரிய கூடத்துக்குப் பெயர் ‘நேவ்’.

மூலச்சொல் லத்தீனின் ‘கான்செல்லி’. கிராதி என்று பொருள். இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இருந்த தடுப்பின் பெயரே தடுப்புக்கு அப்பால் உள்ள இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ரோமானிய நீதிமன்றக் கிராதி அருகே நின்ற ஊழியரின் பெயர் வளர்ந்துதான் ‘சான்சலர்’ ஆயிற்று. எழுத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அடித்தால் ‘கேன்சல்’. ஆக, பல்கலைக்கழக வேந்தருக்கும் நம் ரயில் டிக்கெட்டுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கருவறை’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சான்சலில் குருவோடு பாடகர் குழுவும் இருப்பதுண்டு. நற்கருணை வாங்க மக்களும் அங்கே வருவார்கள். கத்தோலிக்கர் ‘பீடச் சிறுவர்’ என்று சொல்வது வழக்கம். அதே வழியில் ‘பீடப்பகுதி’ என்றால் போதும்.

ஹெரஃபோர்ட்ஷைரில் உள்ள கில்பெக் ஆலயம் சுமார் 1140-இல் எழுந்தது. அங்கே நேவிலிருந்து பீடப்பகுதிக்குள் போகும் வளைவின் இருபுறத் தூண்களிலும் ஒருவர் தலைக்குமேல் ஒருவராகப் புனிதர்கள் நிற்கிறார்கள். நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் 15-ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பு இன்றும் இருக்கிறது, அப்போஸ்தலர் ஓவியங்களோடு. இத்தகைய தடுப்புகளின்மேல் சிலுவை வைத்திருந்த மாடங்களை இறக்கச் சொன்னது 1561-இல் வந்த அரசாணை. தடுப்பு இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தத் தடுப்பு செலவையும் பிரித்தது. நேவைப் பழுதுபார்ப்பது ஊரார் பாடு; பீடப்பகுதி, ஊரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, வாங்கும் ‘ரெக்டர்’ என்ற பங்குக் குருவின் பாடு. பல ஊர்களில் இந்த ரெக்டர் உரிமை துறவி மடங்களிடம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்பட்ட பிறகு தசமபாக உரிமை தனியார் கைக்குப் போனது, கடமையும் கூடவே போனது. வார்விக்ஷைரின் ஆஸ்டன் கான்ட்லோவில் ஒரு பண்ணையின் உரிமையாளர்களிடம் சுமார் 95,000 பவுண்டு பழுதுச் செலவு கேட்டார்கள். 1743-இல் தசமபாகத்துக்கு ஈடாக ஒதுக்கிய நிலம் அவர்கள் கையில் இருந்ததுதான் காரணம். வழக்கு அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அப்புறம், 2013 அக்டோபருக்குள் இந்தக் கடமையை நிலப்பதிவேட்டில் ஏற்றாவிட்டால், அதற்குப்பின் விலை கொடுத்து வாங்குபவரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது என்று விதி வந்தது. இன்றும் இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது ‘சான்சல் காப்பீடு’ எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.