அதே 12 தான், எந்த டைஸ உருட்டுறோம்ங்கறதுல தான் உயிரே இருக்கு

பழைய டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி கதைய நகத்துற கேம்) ரூல்ஸ புதுசா எடுத்து படிக்கறவங்க எல்லாரும் ஒரு எடத்துல முழிப்பாங்க. கேரக்டர் ஷீட்ல ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு)ன்னு ஆறு ஸ்கோர் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சாதா ஆறு பக்க டைஸ் மூணு உருட்டி கூட்டுனா 3லேர்ந்து 18க்குள்ள ஒரு நம்பர். அப்ப டிராகன் நெருப்ப கக்குச்சுன்னா டெக்ஸ்டெரிட்டி ஜாஸ்தி இருக்கறவன் ஈஸியா தப்பிச்சிருவான்னு தானே நெனப்போம்? அதான் இல்ல. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் போட்ட முதல் ரூல்ஸ்ல சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்துலேர்ந்து தப்பிக்க உருட்டுறது) இந்த ஸ்கோருக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே கெடையாது.

சேவிங் த்ரோன்னா ஒரு அட்டவணை, அவ்ளோதான். விஷம், மந்திரக்கோல், கல்லா மாறுறது, டிராகன் மூச்சு, மந்திரம்னு அஞ்சு ஆபத்து. சண்டக்காரன் முதல் லெவல்ல இருந்தா அவனுக்கு வரிசையா 12, 13, 14, 15, 16. இருபது பக்க டைஸ்ல அந்த நம்பரோ அதுக்கு மேலயோ விழணும். மந்திரத்துக்கு 16னா தப்பிக்க 25 சதவீதம் தான் சான்ஸ், அதே ஆளு 13ஆம் லெவல் போனா 8 போதும், 65 சதவீதம். அனுபவம் தான் காப்பாத்துது, ஒடம்பு வாகு இல்ல.

ஆனா சாகசம் (கேம்ல வெளையாடுற கதை) எழுதுறவங்களுக்கு இந்த அஞ்சுல அடங்காத பிரச்சன நெறய வரும். பள்ளத்து விளிம்புல கால் வழுக்குது, கயித்துல தொங்குறான், இதெல்லாம் எந்த வரிசை? அங்க தான் ஸ்கோரயே டார்கெட்டா வெச்சு அதுக்குள்ள உருட்டுன்னு சொல்ற பழக்கம் வந்துச்சு. 1981ல டாம் மோல்ட்வே திருத்தி வந்த பேசிக் ரூல்ஸ்ல இது தெளிவாவே இருக்கு, இருபது பக்க டைஸ உருட்டு, ஸ்கோருக்கு சமமாவோ கம்மியாவோ விழுந்தா பாஸ், வேல எவ்ளோ கஷ்டம்னு பாத்து டிஎம் (கேம நடத்துறவர்) 4 வரைக்கும் கூட்டலாம் கொறைக்கலாம், 1 விழுந்தா எப்பவும் பாஸ், 20 விழுந்தா எப்பவும் ஃபெயில். (சேவிங் த்ரோல 20 விழுந்தா துள்ளி குதிக்கணும், இதுல 20 விழுந்தா தலைல கை வைக்கணும். ஒரே டேபிள்ல ஒரே ராத்திரி ரெண்டும் நடக்கும்.)

சில சாகசங்கள்ல இருபது பக்க டைஸுக்கு பதிலா சாதா டைஸ் மூணோ நாலோ உருட்டி கூட்ட சொல்வாங்க. பாக்க சின்ன மாத்தம் மாதிரி இருக்கும், இல்லவே இல்ல. டெக்ஸ் (டெக்ஸ்டெரிட்டி) 12 உள்ள ஒருத்தன் குழிய தாண்டுறான்னு வெச்சுக்கோங்க, இருபது பக்க டைஸ்ல அவனுக்கு 60 சதவீதம், மூணு டைஸ்ல 74, நாலு டைஸ்னா சட்டுனு 33.6க்கு எறங்கிருது. ஆளும் அதே, குழியும் அதே.

காரணம் என்னன்னா இருபது பக்க டைஸ்ல எல்லா நம்பரும் ஒரே அளவு சான்ஸ்ல விழும், ஸ்கோர்ல ஒரு புள்ளி ஏறுனா எங்க ஏறுனாலும் 5 சதவீதம் தான். மூணு டைஸ்ல மொத்தம் 216 விதமா விழலாம், அதுல 10 வர 27 வழி, 3 வர ஒரே ஒரு வழி. அதனால ஸ்கோர் 9லேர்ந்து 10 ஆனா சான்ஸ் 37.5லேர்ந்து 50க்கு தாவும், 17லேர்ந்து 18 ஆனா அர சதவீதம் கூட ஏறாது. நடுவுல இருக்கறவனுக்கு ஒரு புள்ளி தங்கம், உச்சில இருக்கறவனுக்கு சும்மா பெருமை.

எனக்கு இதுல ஒரு கொற உண்டு. லெவல் ஏறுனாலும் ஸ்கோர் பொதுவா ஏறாது, அதனால நேத்து வந்த பொடியனும் பத்து லெவல் பாத்தவனும் அதே கயித்துல ஒரே மாதிரி தான் வழுக்குவாங்க. கஷ்டத்த கூட்டணும்னா ஒண்ணு டிஎம் அந்த 4க்குள்ள ஏதாவது கூட்டணும், இல்ல டைஸ ஒண்ணு சேக்கணும்.

1975ல கென் செயின்ட் ஆண்ட்ரே போட்ட டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்ங்கற இன்னொரு கேம் இத வேற மாதிரி புடிச்சுது. அதுல சேவிங் ரோலே ஸ்கோர்லேர்ந்து தான். முதல் லெவல் ஆபத்துன்னா 20லேர்ந்து உங்க லக்க (அதுவும் ஒரு ஸ்கோர் தான்) கழிச்சுட்டு மிச்சத்த ரெண்டு சாதா டைஸ்ல எடுக்கணும், ரெண்டும் ஒரே நம்பர் விழுந்தா கூட்டிட்டு மறுபடி உருட்டலாம். லக் 10னா 10 வேணும், சும்மா உருட்டுனா 36ல 6 தான், இந்த ஜோடி சலுகையால நாலுல ஒண்ணுக்கு கொஞ்சம் மேல வந்துருது. ஆபத்தோட லெவல் ஏறுனா அந்த 20, 25 ஆகும், அப்புறம் 30.

எங்க டேபிள்ல பழைய சாகசம் ஓட்டும்போது நான் நாலு டைஸ்னு வாய தொறந்தா போதும். டெக்ஸ் 8 வெச்சிருக்கற மந்திரவாதிக்கு அது 5.4 சதவீதம், அவனுக்கும் தெரியும். மொதல்ல கயித்த எடுத்து இடுப்புல கட்டுவான், மறுமுனைய சண்டக்காரன் கைல குடுப்பான், அப்புறம் தான் டைஸயே தொடுவான்.