வலையில் ஆமை வந்தால் வழக்கு வருமா?

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மீன்வள, வனவிலங்கு வழக்குகளை நடத்துகிறேன். என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானோர் விலங்கைக் கொல்ல வேண்டும் என்று கடலுக்குப் போனவர்கள் அல்ல. சாளைக்கோ நெத்திலிக்கோ வலை விட்டார்கள், வேறு ஒன்று வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தில் மறைத்தார்கள். அந்த மறைப்புதான் பிறகு குற்றமாக எழுந்து நின்றது.

ஒரு மீனவர் என்னிடம் சொன்னது: "வக்கீல் சார், அறுத்து விட்டா வலை போச்சு. கரைக்குக் கொண்டு வந்தா நான் போனேன்." இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. அது கடற்கரைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துக்கொள்வோம். கடலில் மீனவரைக் கேள்வி கேட்கும் சட்டங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். எந்தப் படகு, எந்த வலை, எவ்வளவு தூரத்தில், எந்தக் காலத்தில் என்பதெல்லாம் இதில் வரும். மீன்வளத்துறை அதிகாரி விசாரித்து அபராதம் விதிப்பார், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. இன்னொன்று, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இது வனத்துறை கையில். மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் பட்டியலான அட்டவணை 1இல் உள்ள விலங்கு என்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் வசதியும் இந்த வகைக் குற்றத்துக்குக் கிடையாது. முதல் சட்டத்தில் மாட்டினால் தொழில் சில நாள் நிற்கும். இரண்டாவதில் மாட்டினால் நீதிமன்றப் படியேறி வருடக்கணக்கில் அலைய வேண்டும். இரண்டையும் "கேஸ்" என்ற ஒரே சொல்லில் போட்டுப் பேசுவதால்தான் சின்னதுக்குப் பயந்து பெரியதில் போய் விழுகிறார்கள்.

அட்டவணை 1இல் நம் கடலில் வருகிறவை எவை? கடலாமைகள் ஐந்து இனமும் அதில் இருக்கின்றன. குமரிக் கரையில் அதிகம் கண்ணில் படுவது பங்குனி ஆமை. ஓங்கில்களும் திமிங்கலங்களும் உண்டு. வேளா மீன் உண்டு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, முகத்தின் முன்பக்கம் அகலமான வாயோடு வரும் திமிங்கலச் சுறாவும் உண்டு. அது மிதவை உயிரிகளையும் சின்ன மீன்களையும் வடிகட்டித் தின்னும் பிராணி, யாரையும் கடிக்காது. கரையிலிருந்து வலையை இழுக்கும் கரமடி நடக்கிற இடங்களில் இது வந்து மாட்டுவது புதிதல்ல. கடல் அட்டையும் கடல் குதிரையும்கூட 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. காய்ந்த அட்டை ஒரு பை வீட்டில் இருந்தாலும் வழக்குதான்.

சரி, வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உயிரோடு இருந்தால் உடனே விட வேண்டும். வலையை அறுக்க வேண்டியிருந்தால் அறுக்கத்தான் வேண்டும். திமிங்கலச் சுறாவை வாலில் கயிறு கட்டி இழுத்து ஆழத்தில் விடுகிறார்கள். உதவி என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் அது செவுளையும் முதுகுத்தண்டையும் சிதைக்கும். வலையின் பக்கத்தை அறுத்து அதுவாக நீந்திப் போக வழிவிட்டால் போதும். கரை ஒதுங்கிய ஓங்கிலையும் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி நேராக வைத்து, ஈரத்துணி போர்த்தி, தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணீரும் மணலும் போகாமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஆமை விஷயத்தில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலையில் அசையாமல் கிடக்கும் ஆமை செத்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் கடலில் தள்ளிவிடுகிறார்கள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடிக்குள் மணிக்கணக்கில் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மயங்கிவிடும். மயங்கியதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் அப்போதுதான் உண்மையில் சாகும். அதை வயிறு கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்தி, நிழலில், ஈரச் சாக்கு போட்டு வைத்தால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். எழுந்துகொள்ள 4 மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கண் அருகிலோ வாலிலோ மெல்லத் தொட்டு அசைகிறதா என்று இடையிடையே பார்க்கலாம். மல்லாத்திப் போடக் கூடாது. விடும்போது எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை விரிக்காத பக்கமாக இறக்க வேண்டும். தூண்டிலில் வந்த ஆமை முள்ளை விழுங்கியிருந்தால் இழுத்துப் பிடுங்காமல், தூண்டில் நரம்பை முடிந்த அளவு முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டி விடுங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது கேட்டால் அதுவே உங்கள் சாட்சி. ஆனால் ஆமை மேல் ஏறி நின்றோ, குழந்தையை உட்கார வைத்தோ எடுக்கும் வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சியாகத் திரும்பும். உயிரோடு உடனே விட்டு, விட்டதைச் சொன்ன மீனவர் மேல் வழக்குப் போட்டதை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. வீட்டிலும் ஐஸ் பெட்டியிலும் வைத்திருந்தவர்கள் மேலும், கறி போட்டவர்கள் மேலும், விற்றவர்கள் மேலும் போட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

செத்தே வந்தால்? இங்கேதான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். வனவிலங்குச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கு உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அது அரசின் சொத்து. அது ஒருவர் கையில் எந்த வழியில் வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். 57ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அப்படிப்பட்ட பொருள் உங்களிடம் இருந்தது என்று நிறுவிவிட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருந்ததுதான் என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஆகவே அந்த 48 மணி நேரம்தான் உங்கள் கவசம். நேரில் போய்ச் சொன்னால் எழுத்திலும் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடலில் இருந்தே சொல்ல வேண்டுமென்றால் கடலோரக் காவல் நிலையத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. பங்குத்தந்தையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ சொல்லி அவர்கள் வழியாகவும் தெரிவிக்கலாம். பல ஊர்களில் இதுதான் வேகமான வழி.

அம்பர்கிரிஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மாட்டுவது சின்னப் பையன்கள். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள் அது. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி எடுத்தாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கோடி ரூபாய் என்று ஆசை காட்டும் தரகர் போலீஸ் வரும்போது பக்கத்தில் இருக்க மாட்டார். 2022 ஜூலையில் நமக்கு அடுத்த விழிஞ்ஞத்தில், கடலில் கிடைத்த 28 கிலோவுக்கு மேற்பட்ட அம்பர்கிரிஸை மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்து கடலோரக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி.

இனி, தூத்தூர் முதல் நீரோடி வரையிலான ஆழ்கடல் ஆட்களுக்குத் தனியாகச் சில சொற்கள். சுறாவும் சூரையும் கேரையும் தேடித் தூண்டிலோடு மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் அவர்கள். இந்தச் சட்டத்தோடு அவர்களுக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. 2001 ஜூலையில் ஒன்றிய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் அட்டவணை 1இல் சேர்த்தது. மீனவர்கள் கொந்தளித்தார்கள். டிசம்பரில் சில இனங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்கள். தொழில் செய்பவரைக் கேட்காமல் எழுதிய சட்டம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஆனால் அது விதைத்த அவநம்பிக்கை இன்னும் நிற்கிறது. 2022 திருத்தத்தில் சுறா, திருக்கைப் பட்டியல் மறுபடி நீண்டிருக்கிறது. "சுறாதானே, எப்போதும் பிடிக்கிறோம்" என்று இருந்துவிட வேண்டாம். அதோடு, துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளும் பழக்கத்தை 2013இலேயே அரசு தடுத்துவிட்டது. துடுப்பு உடலோடு சேர்ந்தே கரைக்கு வர வேண்டும். 2015இல் துடுப்பு ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள்.

எல்லை விஷயமும் அவர்களுக்குத்தான் அதிகம் இடிக்கிறது. 12 கடல் மைல் வரை மாநிலம், அதற்கு மேல் 200 வரை ஒன்றிய அரசு. கொச்சியில் இருந்து தொழிலுக்குப் போனால் கேரளத்தின் சட்டம், 52 நாள் இழுவைமடித் தடை எல்லாம் பார்க்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போனால் பிரிட்டன் 2010இல் அறிவித்த கடல் காப்பகம். அங்கே பிடிபட்டுப் படகையும் மீனையும் இழந்து வந்த குடும்பங்களின் கண்ணீர் எனக்குத் தெரியும். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த புதிய விதிகளின்படி 12 மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையத்தில் இலவச அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் வேண்டும். "எங்களை வேவு பார்க்கவா?" என்று கேட்கிறார்கள். 2017 ஒக்கியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கரையில் காத்துக் கிடந்த ஊர்கள் இவை. அந்தக் கருவி புயல் எச்சரிக்கையையும் கொண்டு வருகிறது. எல்லை தாண்டவில்லை என்று நிரூபிக்கவும் அதுவே உதவும். நான் அதைப் பொருத்தச் சொல்வேன்.

மாவட்டத்துக்குள் வந்தால், தடைக்காலமே நமக்கு இரண்டாக இருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். விசைப்படகுகள் மாவட்டம் முழுக்கச் சேர்ந்து நிற்பது ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும்தான். மீனுக்கு இந்தக் கோடு தெரியாது என்று வள்ளக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கண்காணிப்பில் என் பெரிய மனக்குறை கரையோரக் கடல்தான். விசைப்படகு 5 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும் அதிக வெளிச்ச எல்.இ.டி. விளக்கும் தடை. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி தமிழ்நாட்டில் 2000 முதல் தடை. 12 மைலுக்கு அப்பால் மட்டும் திங்கள், வியாழன் பகலில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பங்குனி ஆமை முட்டையிட வரும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் கரைக்கு அருகே இழுவைமடி ஓடினால், வள்ளக்காரரின் வலையும் கிழிகிறது, ஆமையும் சாகிறது. இரண்டும் ஒரே குற்றத்தின் இரண்டு சேதம். அந்த வள்ளக்காரர் ஆமையோடு பிடிபட்டால் சிறை, 5 மைலுக்குள் வந்த பெரிய படகுக்கு அபராதம் என்று நிலைமை இருக்கும்வரை சட்டத்தின் மேல் ஊருக்கு மரியாதை வராது. இதைத் துறை அதிகாரிகளிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

இழுவைமடியில் ஆமை விலக்குக் கருவி பொருத்துவது இதற்கு ஒரு நல்ல தீர்வு. வலைக்குள் ஒரு கம்பிச் சட்டம், அதற்கு மேல் ஒரு திறப்பு. மீனும் இறாலும் கம்பிகளுக்கு இடையே பின்னால் போய்விடும், ஆமை திறப்பு வழியே வெளியேறும். கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற வடிவத்தை எப்போதோ செய்து கொடுத்துவிட்டது. இதை ஒழுங்காகப் பொருத்தவில்லை என்பதால்தான் நம் நாட்டுக் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. ஆக ஆமையைக் காப்பாற்றாததன் விலையை இறால் பிடிப்பவரே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் திமிங்கலச் சுறா போன்றவற்றை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு இழப்பீடு கொடுக்கிறார்கள். வீடியோ ஆதாரம், மனு, பணம். குமரியில் கரமடிக்காரர் ஒருவர் வலையை அறுத்தால் அன்றைய பங்கும் போய், வலைக்கும் அவரே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதே ஏற்பாட்டை இங்கேயும் கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. கூடவே, பாதுகாக்கப்பட்ட இனங்களின் படங்களை நம் ஊர்ப் பெயர்களோடு அச்சிட்டு நான்கு துறைமுகங்களின் ஏலக் கூடங்களிலும் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்த இரண்டையும் மனுவாகக் கொடுக்க விரும்பும் ஊர்க் கமிட்டிகளுக்கு மனுவை நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். கையெழுத்துகளை நீங்கள் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.